சட்டம் கேட்கவில்லை என்பது பதிலாகாது

காம்பவுண்ட் வில் இருக்கிறது, ஷாட்கன் வேண்டும். கயாக் படகு தருகிறேன், கைத்துப்பாக்கி கிடைக்குமா? கோல்ஃப் மட்டைகள் முழு செட்டாக இருக்கின்றன, மேலே கொஞ்சம் பணமும் தருகிறேன், வேட்டை ரைஃபிள் வைத்திருப்பவர்கள் சொல்லவும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இணைய விளம்பரங்களில் இப்படிப்பட்ட அழைப்புகள் சாதாரணம். இருவர் பேசி முடிக்கிறார்கள். ஏதோ ஒரு கடையின் வாகன நிறுத்துமிடத்தில் சந்திக்கிறார்கள். பொருளை மாற்றிக்கொண்டு அவரவர் வழியில் போகிறார்கள்.

இதில் தவறில்லை என்போர் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் அல்லர். வேட்டைக்குப் போகிறவர்கள், குறிபார்த்துச் சுடுவதை விளையாட்டாகப் பழகியவர்கள், தாத்தாவின் துப்பாக்கியைப் பேரன் பெறும் மரபில் வளர்ந்தவர்கள். அவர்கள் சொல்வதைக் குறைக்காமல் சொல்வோம். பொருள் என்னுடையது, உழைத்து வாங்கினேன். பணம் கைமாறவில்லை, எனவே நான் வியாபாரி அல்ல. எதிரில் இருப்பவர் என் மாநிலத்தவர், வயது வந்தவர். அவரைச் சோதிக்கும்படி சட்டம் என்னிடம் சொல்லவில்லை. அவருடைய டிரைவிங் லைசென்ஸைப் பார்த்தேன், கைமாற்றுச் சீட்டில் கையெழுத்தும் வாங்கினேன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

வேண்டும். துப்பாக்கியைக் கையை விட்டுக் கொடுப்பவர், பெறுபவர் அதை வைத்திருக்கத் தகுதியுள்ளவர்தானா என்று தெரிந்துகொள்ளக் கடமைப்பட்டவர். தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கும்போது அதைத் தவிர்ப்பது நடுநிலை அல்ல. அது ஒரு முடிவு. அந்த முடிவின் விளைவில் அவருக்குப் பங்கு உண்டு. மேற்சொன்ன வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

1. பணம் கைமாறவில்லை என்பதால் இது வியாபாரமில்லையா?

சட்டமே அப்படிச் சொல்லவில்லை. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், உரிமம் இல்லாத ஒருவர் வேறு மாநிலத்தவருக்குத் துப்பாக்கியைக் கைமாற்றுவதைத் தடை செய்யும் இடத்தில், விற்பதை மட்டும் குறிப்பிட்டு நிற்கவில்லை; பண்டமாற்றுச் செய்வது, இலவசமாகக் கொடுப்பது, கொண்டுபோய்ச் சேர்ப்பது என வரிசையாகச் சொல்கிறது. தடை செய்யப்பட்டவர் என்று தெரிந்தோ, அப்படி நம்ப நியாயமான காரணம் இருந்தோ ஒருவருக்குத் துப்பாக்கியை எந்த வகையில் கைமாற்றினாலும் குற்றம். டாலருக்குக் கொடுத்தீர்களா தூண்டிலுக்குக் கொடுத்தீர்களா என்று அது கேட்பதில்லை. 2022க்குப் பிறகு அந்தக் குற்றத்துக்கு 15 ஆண்டுவரை சிறை.

பணமா பொருளா என்ற வேறுபாடு இல்லை என்பது உரிமம் இல்லாமல் வணிகம் செய்வதற்கும் பொருந்தும். 1986ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் எப்போதாவது நடக்கும் விற்பனைக்கும் பரிமாற்றத்துக்கும் விலக்கு அளித்தது. ஆனால் அது சொந்தச் சேகரிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ நடக்க வேண்டும். 2024இல் துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் கூட்டாட்சி முகமையான ஏ.டி.எஃப். வெளியிட்ட விதி, துப்பாக்கிக்கு ஈடாகப் பெறும் மதிப்புள்ள எந்தப் பொருளும் சேவையும் விற்பனைக் கணக்கில் சேரும் என்று வெளிப்படையாகவே எழுதியது. அந்த விதி நீதிமன்றங்களில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது உண்மை. ஆனால் அடிப்படை அதற்கு முன்பும் அதுதான். கயாக்குக்கு ஒரு துப்பாக்கி, அந்தத் துப்பாக்கிக்கு ஒரு மோட்டார் வண்டி, அந்த வண்டிக்கு இரண்டு துப்பாக்கிகள் என்று லாபம் பார்த்துச் சுழற்றுகிறவர், ஒரு டாலரைக்கூடத் தொடாவிட்டாலும் வணிகர்தான்.

2. சட்டம் கேட்காதது எல்லாம் சரியாகிவிடுமா?

இந்த இடைவெளி எப்படி உண்டானது என்று பார்த்தால் இந்த வாதத்தின் பலவீனம் தெரியும். 1993இல் நிறைவேறிய பிரேடி சட்டம் துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கச் சொன்னது. அதன்படி 1998 நவம்பரில் எஃப்.பி.ஐ. நடத்தும் உடனடிச் சோதனை முறை செயல்படத் தொடங்கியது. ஆனால் அந்தக் கடமை உரிமம் பெற்ற வணிகர்கள் மீது மட்டுமே விழுந்தது. தனிநபர் இருவர் ஒரே மாநிலத்துக்குள் மாற்றிக்கொண்டால் கூட்டாட்சிச் சட்டம் சோதனை கேட்பதில்லை. தனிநபர் விற்பனை ஆபத்தில்லாதது என்று யாரும் ஆராய்ந்து எடுத்த முடிவல்ல இது. அரசியல் பேரத்தில் விடுபட்டுப் போனது. சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலைக்குப் பின் 2013 ஏப்ரலில், இணைய விற்பனையையும் துப்பாக்கிக் கண்காட்சி விற்பனையையும் சோதனைக்குள் கொண்டுவரும் திருத்தம் செனட்டுக்கு வந்தது. 54 பேர் ஆதரித்தார்கள், 46 பேர் எதிர்த்தார்கள். 60 வாக்கு தேவைப்பட்டதால் பெரும்பான்மை இருந்தும் அது தோற்றது. அந்தத் தோல்வியைத்தான் இன்று ‘சட்டம் அனுமதிக்கிறது’ என்று பெருமையாகச் சொல்கிறோம்.

அனுமதியின் அகலத்தையும் பாருங்கள். உரிமம் பெற்ற வணிகர் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குக் கைத்துப்பாக்கி விற்க முடியாது. தனிநபர் 18 வயதுக்காரருக்குக் கொடுக்கலாம். நீளத்துப்பாக்கி என்றால், தனிநபர் கைமாற்றுவதற்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் குறைந்தபட்ச வயதே கிடையாது. மாநிலச் சட்டம் தடுக்காத இடத்தில், ஹாக்கி மட்டையோடு வரும் பதினைந்து வயதுப் பையனுக்கு ரைஃபிளைக் கொடுத்தாலும் கூட்டாட்சிச் சட்டம் வாய் திறக்காது. ‘சட்டம் கேட்கவில்லை’ என்போர் இதையும் ஏற்பார்களா? மாட்டார்கள். அப்படியானால் சட்டத்துக்கு மேலே ஒரு வரம்பு உண்டு என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அந்த வரம்பு எங்கே என்பது மட்டுமே மிச்சமுள்ள கேள்வி.

3. ஆளைப் பார்த்தால் தெரிந்துவிடுமா?

2012 அக்டோபர் 18 அன்று விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு பெண் தன் கணவருக்கு எதிராக நீதிமன்றத்தில் தடையாணை பெற்றார். அந்த ஆணைப்படி கணவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. கடைக்குப் போயிருந்தால் சோதனையில் சிக்கியிருப்பார். அவர் போகவில்லை. ஆர்ம்ஸ்லிஸ்ட் என்ற விளம்பரத் தளத்தில் தனிநபர் ஒருவரைப் பிடித்து, பணம் கொடுத்துக் கைத்துப்பாக்கி வாங்கினார். அக்டோபர் 21 அன்று புரூக்ஃபீல்டு நகரில் மனைவி வேலை பார்த்த அழகு நிலையத்துக்குள் நுழைந்து அவரையும் சேர்த்து மூவரைக் கொன்றார், நால்வரைக் காயப்படுத்தினார், தானும் செத்தார். விற்றவருக்கு அவருடைய பெயர் தெரிந்திருக்கலாம், முகமும் நினைவிருக்கலாம். அப்போதுதான் பிறந்த தடையாணை எந்த முகத்தில் எழுதியிருக்கும்?

டிரைவிங் லைசென்ஸ் பெயரையும் வயதையும் முகவரியையும் சொல்லும்; தண்டனையையோ தடையாணையையோ சொல்லாது. மறைத்துத் துப்பாக்கி எடுத்துச் செல்வதற்கான அனுமதிச் சீட்டு இதைவிட மேலானதுதான். ஆனால் அது வழங்கிய நாளின் நிலையைச் சொல்கிறது, இன்றைய நிலையை அல்ல. கையெழுத்திட்ட சீட்டோ பெறுபவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. பொய் சொல்லத் துணிந்தவருக்கு ஒரு கையெழுத்து பெரிய தடையா?

டெக்சாஸில் இன்னும் தெளிவாக நடந்தது. 2014இல் ஒருவர் துப்பாக்கி வாங்கப் போய், மனநலம் தொடர்பான தீர்ப்பின் காரணமாகச் சோதனையில் மறுக்கப்பட்டார். பிறகு தனிநபர் ஒருவரிடமிருந்து ரைஃபிள் பெற்றார். 2019 ஆகஸ்ட் 31 அன்று மிட்லாண்ட், ஒடெஸா நகரங்களில் அவர் சுட்டதில் ஏழு பேர் இறந்தார்கள். சோதனை முறை தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. அந்த மறுப்பைச் செல்லாக்காசாக்கியது தனிநபர் விற்பனை. விற்றவர் உரிமம் இல்லாமல் வணிகம் செய்ததை ஒப்புக்கொண்டு 2021இல் இரண்டாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

தமிழ் வாசகர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றும் இதில் உண்டு. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் அமெரிக்காவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. மாநிலம் வழங்கிய நடப்பு வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளே உண்டு. டல்லாஸிலோ அட்லாண்டாவிலோ இருக்கும் நம் பொறியாளர் ஒருவர், வாங்கி மூலையில் போட்ட டிரெட்மில்லைக் கொடுத்து ஒரு கைத்துப்பாக்கி பெறுகிறார் என்று வையுங்கள். தடை இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், கொடுப்பவருக்கும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்துக்குத் தண்டனை பெற்றால் நாடுகடத்தல்வரை போகும். குடும்பம், வேலை, கிரீன் கார்டுக்கான பல்லாண்டுக் காத்திருப்பு எல்லாம் அதோடு போகும். கடையில் நிரப்பும் 4473ஆம் எண் படிவம் குடியேற்ற நிலையை நேராகக் கேட்கிறது. வாகன நிறுத்துமிடத்தில் யாரும் கேட்பதில்லை.

4. நம் ஆட்கள் நேர்மையானவர்கள் என்பது போதுமா?

இந்த வாதத்துக்கு நல்ல சான்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. ஒரு மறைமுகச் சோதனை நடத்தி 2017இல் அறிக்கை தந்தது. வழக்கமான இணையத் தளங்களில் 72 முறை தனிநபர்களிடம் துப்பாக்கி வாங்க முயன்றார்கள்; ஒரு முறைகூட வெற்றி பெறவில்லை. 29 பேர் அனுப்பிவைக்க மாட்டோம் என்றார்கள். 27 பேர், வாங்குபவர் தடை செய்யப்பட்டவர் என்று தெரிந்ததும் மறுத்தார்கள். மற்றவை மோசடியிலோ கணக்கு முடக்கத்திலோ முடிந்தன.

இதற்கு நேர்மாறான சான்றும் இருக்கிறது. 2011இல் நியூயார்க் மாநகராட்சி நடத்திய விசாரணையில், ‘பின்னணிச் சோதனையில் நான் அநேகமாகத் தேற மாட்டேன்’ என்று சொன்ன ஆளுக்கும் விற்க 125 பேரில் 77 பேர் சம்மதித்தார்கள். நூற்றுக்கு 62 பேர்.

எது சரி? இரண்டும் சரியாகவே இருக்கட்டும். இரண்டிலும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள்: வாங்க வந்தவர் தன் தகுதியின்மையைத் தானே சொன்னார். உண்மையில் எந்தக் குற்றவாளி அப்படிச் சொல்வான்? ஜி.ஏ.ஓ. அறிக்கையில் வரும் அந்த 27 நேர்மையாளர்களும், வந்தவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? அவர்களுக்கு மறுக்க மனமிருந்தது; மறுக்க வேண்டிய ஆள் இவர்தான் என்று அறியும் வழி இல்லை. நேர்மை என்பது தகவலின் இடத்தை நிரப்பாது. இந்த வாதம் விற்பவரின் மனத்துக்கு நற்சான்று தருகிறது, வாங்குபவரின் பின்னணி பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

சட்டத்தின் அமைப்பும் இந்தக் குருட்டுத்தனத்துக்குத் துணை போகிறது. தெரிந்து கொடுத்தால் குற்றம். தெரியாமல் கொடுத்தால் தப்பிக்கலாம். எனவே கேட்காமல் இருப்பவருக்கே பாதுகாப்பு அதிகம். கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் பொறுப்பு வந்துவிடும். இப்படி அறியாமைக்குப் பரிசு தரும் சட்டத்தை நம் மனசாட்சியின் அளவுகோலாக வைத்துக்கொள்ள முடியுமா?

5. குற்றவாளிகள் இங்கே வருவதில்லையா?

சிறைக்கைதிகளிடம் 2016இல் எடுத்த அரசாங்கக் கணக்கெடுப்பை இதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்தவர்களில் 43 விழுக்காட்டினர் தெருவிலோ கள்ளச்சந்தையிலோ பெற்றதாகச் சொன்னார்கள். கால்வாசிப் பேர் உறவினர், நண்பர் போன்ற தனிநபர்களிடம் பெற்றார்கள். துப்பாக்கிக் கண்காட்சியில் பெற்றவர்கள் ஒரு விழுக்காடுகூட இல்லை. ஆகவே இணையப் பண்டமாற்றைக் குறை சொல்வது வீண் என்பது வாதம்.

கள்ளச்சந்தைத் துப்பாக்கி எங்கே உற்பத்தியாகிறது? பெரும்பாலானவை முதலில் உரிமம் பெற்ற கடையில் சட்டப்படி விற்கப்பட்டவை. அங்கிருந்து தெருவுக்கு வர ஒரு வழி வேண்டும். திருட்டு ஒரு வழி. மற்றவருக்காக வாங்கித் தருவது ஒரு வழி. யாரும் எதுவும் கேட்காத தனிநபர் கைமாற்றம் இன்னொரு வழி. கைதியிடம் கேட்டால் கடைசிக் கையைத்தான் சொல்வார். மூன்றாம் கையிலோ நான்காம் கையிலோ என்ன நடந்தது என்பது அவருக்கே தெரியாது. 2015இல் எடுத்து 2017இல் வெளியான ஒரு தேசிய ஆய்வின்படி, முந்தைய இரண்டாண்டுகளில் துப்பாக்கி பெற்றவர்களில் 22 விழுக்காட்டினர் எந்தச் சோதனையும் இல்லாமலே பெற்றார்கள். தனிநபரிடம் விலைக்கு வாங்கியவர்களில் பாதிப் பேர் அப்படி. இத்தனை பெரிய கதவு திறந்து கிடக்கும்போது, அதன் வழியே தீயவர் யாரும் போவதில்லை என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

காவல்துறைக்கும் இங்கேதான் தடம் அறுந்து போகிறது. குற்றத்தில் சிக்கிய துப்பாக்கியின் வரிசை எண்ணைக் கொண்டு ஏ.டி.எஃப்.பின் தடம் தேடும் மையம் உற்பத்தியாளரிலிருந்து முதல் சில்லறை வாடிக்கையாளர்வரை போக முடியும். அதற்கப்பால் பதிவு இல்லை. அந்த முதல் வாடிக்கையாளர் நீங்கள் என்றால் கதவைத் தட்டுவது உங்கள் வீட்டில். எப்போதோ ஒரு கயாக்குக்கு மாற்றிவிட்டேன், யாரிடம் என்று நினைவில்லை என்பதுதான் அப்போது உங்களிடம் இருக்கும் ஒரே பதில்.

6. உரிமை, பதிவேடு, செலவு: இந்த மூன்று அச்சங்கள் நிற்குமா?

துப்பாக்கி வைத்திருப்பது தனிநபர் உரிமை என்று 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, குற்றத் தண்டனை பெற்றோருக்கான நெடுநாள் தடைகளையும் வணிக விற்பனை மீதான நிபந்தனைகளையும் சந்தேகிக்கவில்லை என்று சேர்த்தே சொன்னது. 2024இல் ரஹிமி வழக்கில், குடும்ப வன்முறைத் தடையாணைக்கு உட்பட்டவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கும் சட்டத்தை எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதே நீதிமன்றம் உறுதிசெய்தது. தடைப் பட்டியல் ஒன்று இருக்கலாம் என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. வந்தவர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்ப்பது எப்படி உரிமை மீறலாகும்?

சோதனை நாளை தேசியப் பதிவேடாக மாறிவிடும் என்கிறார்கள். அத்தகைய பதிவேட்டை 1986ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. தேறியவரின் அடையாள விவரங்களை எஃப்.பி.ஐ. 24 மணி நேரத்துக்குள் அழித்தாக வேண்டும். படிவம் கடைக்காரரிடமே இருக்கும்.

மூன்றாவது, செலவும் அலைச்சலும். உரிமம் பெற்ற கடையில் கைமாற்றம் செய்யச் சில பத்து டாலர் கட்டணம் ஆகலாம். பெரும்பாலான சோதனைகள் சில நிமிடங்களில் முடிகின்றன. நல்ல வில் ஒன்றின் விலையோடு இதை ஒப்பிட்டால் பேச்சுக்கே இடமில்லை. கடையே இல்லாத தொலைவில் இருப்பவருக்கு அலைச்சல் அதிகம் என்பது நியாயமான குறை. அதற்குத் தீர்வு, தனிநபரும் பெறுபவரின் சம்மதத்தோடு சோதிக்கக்கூடிய வசதியைக் கேட்பதே. இன்று அந்தச் சோதனை முறையைத் தனிநபர் நேரடியாகப் பயன்படுத்த முடியாது. சோதனையே வேண்டாம் என்போர் ஏன் அந்த வசதியைக் கேட்பதில்லை?

7. தடுக்க வேண்டியது கொலையை மட்டுந்தானா?

அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். இந்த விவாதத்தில் இவர்களை யாரும் எண்ணுவதே இல்லை. பின்னணிச் சோதனை இவர்களில் பலரைத் தடுக்காது. ஒரு மனிதரின் இன்றைய துயரம் எந்தக் கணினியிலும் பதிவாவதில்லை. ஆனால் கடை என்பது கணினி மட்டும் அல்ல. 2009இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிய மூவர் ஒரு வாரத்துக்குள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு துப்பாக்கி வணிகர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் ஒன்றுசேர்ந்து, நெருக்கடியில் இருப்பவரை அடையாளம் காணவும் விற்காமல் தவிர்க்கவும் கடைக்காரர்களுக்கு வழிகாட்டினார்கள். அந்த முயற்சி பல மாநிலங்களுக்குப் பரவியது. அதை முன்னெடுத்தவர்கள் துப்பாக்கியை வெறுப்பவர்கள் அல்லர். அவர்களில் துப்பாக்கி விற்றே பிழைப்பவர்களும் உண்டு.

பல்லாண்டு நேசித்த தூண்டில்களையும் படகையும் அவசரமாகக் கொடுத்து, ஒரே ஒரு கைத்துப்பாக்கி போதும் என்று வருபவரைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். பெரும்பாலும் அவருக்கு ஒன்றும் இராது. ஆனால் சிலருக்கு இருக்கும். அனுபவமுள்ள கடைக்காரர் இரண்டு கேள்வி கேட்பார், வேண்டுமென்றால் மறுப்பார். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு வீடு திரும்ப நினைக்கும் தனிநபர் என்ன கேட்பார்?

இந்த ஏழுக்கும் பதில் இல்லாதவர் கடைசியில் வந்து நிற்கும் இடம், ‘நான் ஒருவன் மாறினால் என்ன ஆகப்போகிறது’ என்பது. ஆகும். சுமார் 20 மாநிலங்கள் தனிநபர் கைமாற்றத்தில் ஏதோ ஒரு வகையில் சோதனையைக் கட்டாயமாக்கிவிட்டன. அங்கெல்லாம் வேட்டை நின்றுவிடவில்லை, குறிசுடும் விளையாட்டும் நின்றுவிடவில்லை. மற்ற மாநிலங்களில் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எந்த மாநிலத்திலும் இருவர் விரும்பினால் உரிமம் பெற்ற கடை ஒன்றின் வழியாகக் கைமாற்றலாம், யாரும் தடுக்கவில்லை. விளம்பரத்திலேயே ‘கடை வழியாக மட்டும்’ என்று எழுதலாம். இப்போதே அப்படி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கத்தான் செய்கிறது.

விளம்பரத் தளங்களைக் குறை சொல்லித் தப்பிக்கவும் முடியாது. புரூக்ஃபீல்டு வழக்கில் தளத்தின் மீது பொறுப்புச் சுமத்த முடியாது என்று 2019இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறர் இட்ட உள்ளடக்கத்துக்குத் தளங்கள் பொறுப்பல்ல என்ற கூட்டாட்சிச் சட்டம் அவற்றைக் காக்கிறது. தளத்துக்குப் பொறுப்பு இல்லை, அரசு கேட்பதில்லை. மிஞ்சி நிற்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் ஒருவர்தான். எனவே முடிவும் உங்களுடையது. வில்லுக்கோ படகுக்கோ துப்பாக்கியை மாற்றிக்கொள்ள விரும்பினால் கடையில் வைத்து மாற்றுங்கள். கடைக்கு வர ஒருவர் மறுத்தால், காரணம் எத்தனை இனிமையாகச் சொன்னாலும், அவரிடம் துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள்.